பழைய கொட்டகைக்கு வயது இருபத்தெட்டு

நாலாவது தடவையும் என் மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் என்ன அரண்மனையா கேட்டேன்? என் கொட்டகைக் கதவை இரண்டடி அகலப்படுத்த அனுமதி கேட்டேன், அவ்வளவுதான். ஏரியில் ஓடப்போகும் புதுப் பயணிகள் படகு அகலமானது. பழுது பார்க்க அது உள்ளே நுழைந்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து அந்த வேலை அக்கரைப் பட்டறைக்குப் போய்விடும். படகு எஞ்சினைத் தவிர எனக்கு வேறு பிழைப்பு தெரியாது.

திருப்பி அனுப்பியவர் மரபுச் சின்ன அலுவலக அதிகாரி. அவருக்கு நாங்கள் வைத்த பேர் 'பலகைக்காரர்'. பதிவேட்டில் நூற்றிருபது வருடத்துக் கொட்டகை ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றரை வருடத்துக்கு முன் படகுத்துறைக்கு வந்தார். டீக்கடையில் "பழைய கொட்டகை எது?" என்று விசாரித்தார். கடையில் இருந்தவர்கள் என்னுடையதைக் கைகாட்டிவிட்டார்கள். மறுவாரம் என் கதவுக்கு மேல் பித்தளைப் பலகை ஏறிவிட்டது. அனுமதியில்லாமல் இங்கே ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாதாம். அந்தப் பலகைக்கே நாலு ஆணி அடித்திருந்தார்கள்.

எங்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. இங்கே முதலில் ஒரு கொட்டகை இருந்தது. பக்கத்தில் இன்னொன்று கட்டியதும் அது பழையது, இது புதுசு என்று ஆனது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பழையது தீப்பிடித்து எரிந்தது. மிஞ்சிய மரத்தை வைத்து அப்பா அதே இடத்தில் கட்டியதுதான் என்னுடையது. பேர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆக, பழைய கொட்டகைக்கு வயது இருபத்தெட்டு. புதுக் கொட்டகைக்குத்தான் நூற்றிருபது. இதை நாலு மனுவிலும் எழுதினேன். "பெயரே பழைய கொட்டகை என்றிருக்க, விண்ணப்பதாரரின் கூற்று ஏற்கத்தக்கதல்ல" என்று பதில் வந்தது. படித்ததும் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

புதுக் கொட்டகையில் அக்கா மீன்காரர்களுக்கு ஐஸ் விற்கிறாள். மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதை இடித்துவிட்டுக் குளிர்பதன அறை கட்டப்போகிறாள். கடன்கூட வாங்கிவிட்டாள்.

"மனு எழுதி எழுதி உன் கை தேஞ்சதுதான்டி மிச்சம். அந்த ஆளை நேரா கூட்டிட்டு வந்து தரையைக் காட்டு" என்றாள் அக்கா.

அலுவலகத்துக்குப் போய், அவர் நேரில் வந்து பார்க்கும்வரை நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். மூன்றாம் நாள் என் தொல்லை தாங்காமல் வந்தார். மூலையில் இருந்த ஆயில் டிரம்மை உருட்டினேன். அடியில் சிமெண்டுத் தரையில் அப்பா ஆணியால் கீறிய எழுத்து: "காயவில்லை, மிதிக்காதே." கீழே தேதியும் வருடமும். அதன்மேலேயே ஒரு காலடித் தடம்.

"இது யாரோட கால்?" என்றார்.

"என்னோடதுதான் சார். என்ன எழுதியிருக்குன்னு படிக்கக் கிட்டப் போனேன்" என்றாள், அவருக்கு டீ கொண்டுவந்த அக்கா.

மனுஷன் சிரித்துவிட்டார். என் மனுவை வாங்கி அங்கேயே கையெழுத்துப் போட்டார். பலகையைக் கழற்றச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு பேனாவை மூடாமல் கேட்டார்: "சரிம்மா, அப்போ அந்த நூத்திருபது வருஷத்துக் கொட்டகை எது? பக்கத்துல இருக்கே, அது எப்போ கட்டினது?"

டீ டம்ளரை நீட்டிய அக்காவின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். அந்தக் கொட்டகையின் உத்தரங்களில், அங்கே செய்து ஏரியில் இறக்கிய ஒவ்வொரு படகின் பேரையும் உளியால் செதுக்கியிருப்பார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே அதைப் பார்த்துத்தான். கடைசிப் பேர் அப்பா செதுக்கியது. நிஜத்தைச் சொன்னால் அந்தப் பித்தளைப் பலகை இன்றைக்கே அக்காவின் கதவுக்கு மேல் ஏறும். என்னைப் போல அவளும் மனு எழுதிக்கொண்டு கிடப்பாள்.

"பேரே சொல்லுதே சார். அது புதுசு" என்றேன்.

தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை புதுக் கொட்டகையை இடிக்க இயந்திரம் வந்தது. நான் என் கதவுநிலையைச் சம்மட்டியால் இடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் உத்தரங்களை லாரியில் ஏற்றினார்கள். திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விசாரிக்காமல், வெறும் பேரை நம்பி எழுதிவிட்டார் என்று ஒன்றரை வருடமாக அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தேன். இந்தத் தடவை அவர் விசாரித்தார். என்னிடம்தான் விசாரித்தார்.