வாசல்வரை வரும் சிக்னல்

பழைய ரவுட்டர் உயிரை விட்டிருந்தது. நெட் கம்பெனிக்காரர் புதியதைச் சுவரில் மாட்டினார்.

"வைஃபைக்கு என்ன பேர் வைக்கலாம்மா? பாஸ்வேர்டும் சொல்லுங்க."

"ரெண்டும் பழசே இருக்கட்டும் தம்பி. மாத்தினா பிரிண்டர் மக்கர் பண்ணும்."

"பிரிண்டரை நான் சேர்த்து விட்டுடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

பிரிண்டர் ஒரு சாக்கு. அவள் அதைத் தொட்டே மாதக்கணக்காகிறது.

மகள் அப்பாவுக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருடம். நம்பரை மாற்றிவிட்டாள். எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. ஆனால் அவளுடைய போன் இந்த வீட்டை மறக்கவில்லை. தெருவாசலுக்கு வந்தால் தானாக வைஃபையில் சேர்ந்துகொள்ளும். அம்மாவின் போனில், இணைந்திருப்பவற்றின் வரிசையில், டிவிக்கும் பிரிண்டருக்கும் கீழே 'வாலு' என்று ஒரு பெயர் முளைக்கும். சின்ன வயதில் அப்பா வைத்த பெயர்.

மூன்று முறை முளைத்தது. கடைசி முறை அம்மா செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். தெருவில் யாரும் இல்லை. மேலே வந்து பார்த்தபோது பெயருக்குப் பக்கத்தில் 'ஆஃப்லைன்' என்றிருந்தது.

"பழசு வேணாம்." கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "புதுசாப் போடுங்க. வெளியாளுங்க வந்து ஒட்டிக்கறாங்க."

"வெளியாளா? யாருங்க?"

"எம் போன்லயும் அந்த லிஸ்ட் தெரியுதுடி."

நெட்காரர் ஸ்க்ரூடிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடித்ததும் புது பாஸ்வேர்டைப் போட்டார். பிரிண்டர் சோதனைத் தாள் ஒன்றைத் துப்பியது. இணைப்பு சரி.

"மத்த போன்ல எல்லாம் ஒரு தடவை கையால அடிக்கணும்மா. அப்பத்தான் சேரும்."

மதியம் கணவர் தூங்கியதும் அவள் புது பாஸ்வேர்டைக் கொட்டை எழுத்தில் அச்சடித்தாள். கீழே கேட்டுக்கு வெளிப்பக்கம், தெருவைப் பார்த்து ஒட்டினாள்.

ஒரே வாரத்தில் வரிசை நீண்டது. எதிர்வீடு, பக்கத்துவீடு, தெருமுனைக் கடை, யார் யாரோ.

"என்னடி, நெட் நத்தையா ஊருது?"

"தெரியலீங்க."

அவர் தினமும் அந்த கேட்டைத் திறந்துதான் நடக்கப் போனார். தாளைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கிழிக்கவில்லை.

முன்பு போன் தானாகச் சேர்ந்தது. பையில் கிடந்தபடியே சேர்ந்திருக்கும். மகளுக்குத் தெரிந்துகூட இருக்காது. இனி அவள் நின்று, படித்து, தன் கையால் அடிக்க வேண்டும்.

மழையில் தாள் ஊறிக் கிழிந்தது. அம்மா இன்னொன்று அச்சடித்து ஒட்டினாள். மேலே வந்து, ஊரார் பெயர்களையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளி அடிவரை பார்த்தாள்.

வாலு இல்லை.