ஈர எடை

அன்று மாலை நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்தது, ஓர் ஆட்டின் முதுகெலும்பு வட்டை எடை பார்த்ததுதான். இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது வட்டு. அதன் நடுப்பகுதி கொழகொழவென்று, பெரும்பாலும் தண்ணீர். அதை மட்டும் எடுத்து ஈரமாக ஒரு முறை, காய வைத்து ஒரு முறை எடை பார்த்தால் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துவிடும். என் கணவர் செந்தில்குமாரின் ஆராய்ச்சி அது. மொத்தம் நாற்பது ஆடு. பட்டினத்தில் இக்பால் பாய் கறிக்கடையிலிருந்து எலும்பு வரும். காரைக்கால் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளர்.

நாற்பதாவதற்கு வரும்போது நோட்டு பைக்குள் போயிருந்தது.

"கையில எழுதிக்க மொழி, வீட்ல போய் ஏத்திக்கலாம்" என்றார் என்னிடம்.

"ஏன், உங்க கையில எழுதுனா ஆவாதா?"

"என் கை பூரா ஆட்டுக் கொழுப்பு."

உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். தட்டை உலர்பெட்டியில் வைத்தார். பைக்கில் அவர் முன்னால் போனார், நான் பஸ்ஸில். அம்பகரத்தூர் வருவதற்குள் ஒரு லாரி.

மறுநாள் பெண்கள் என் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கை மூடியே இருந்தது.

"கைய விடுங்க அண்ணி, எதப் புடிச்சிக்கிட்டிருக்கீங்க?" என்று நாத்தனார் அஞ்சுகம் விரல்களைப் பிரித்துத் தேய்த்துவிட்டாள். அதுவரை கையில் எழுதியிருந்த எண்ணைப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை.

பதினாறு முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது. ஓர் அறை, பாதி திறந்த ஜன்னல். வருகிறவர்கள் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள். எழுந்தாலே யாராவது, "எங்க?" என்றார்கள்.

ஐந்தாம் நாள், அவரிடம் வேலை கற்ற நவநீதன் போன் செய்தான்.

"அக்கா, ஓவன்ல சாரோட தட்டு ஒண்ணு இருக்கு. வேற ஆளுங்க ஓவன் கேக்குறாங்க. எடுத்துறவா?"

"தூக்கிப் போட்டுறாத."

"ஈர எடை நோட்டுல இல்லையேக்கா?"

"என் கையில இருந்துச்சு."



"மத்ததெல்லாம் நூத்துக்கு எண்பதுதான் தண்ணி வருது. அதை வச்சு ஒரு நம்பர் போட்டுக்கலாங்க்கா. யாருக்குத் தெரியப்போவுது? நாப்பதும் முழுசாயிடும்."

நாற்பதை முடித்துவிட வேண்டும் என்றுதான் அவர் இரண்டு வருடம் அலைந்தார். ஓர் எண்ணில் சந்தேகம் வந்தால் அதை அடித்துவிட்டு மறுபடி எலும்பு வாங்கப் போனவரும் அவர்தான். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"யாரு அண்ணி போன்ல?" என்றாள் அஞ்சுகம், கதவருகில்.

"வேணாம் நவநீதா. முப்பத்தொம்போதுன்னே எழுது. இதை எடை மட்டும் பாத்துச் சொல்லு."

"ஈர எடை இல்லாம எதுக்குக்கா?"

"பாரேன்."

தண்ணீர் முழுதும் போய், எடை குறையாமல் நிற்கும்வரை பார்க்க வேண்டும் என்பது முறை. பார்த்தான். ஐம்பத்திரண்டு மில்லிகிராம். இரண்டு மணி நேரம் கழித்தும் ஐம்பத்திரண்டு. மறுநாள் காலையிலும் ஐம்பத்திரண்டு.