சிவப்பு நூல் கட்டிய கேன்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. சொல்லி எழுத வைத்தவர் என் அக்காவின் கணவர். போன வாரம் போன் செய்து, "ஒரு கதை எழுதணும்மா," என்றார். குடும்பக் கதை எழுதுகிறவளிடம் இப்படிப் பலர் கேட்பதுண்டு. "உங்க அக்கா கண்ணுல படுற மாதிரி எழுதணும்," என்று சேர்த்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான்கு மாதமாக அக்கா என் வீட்டில்தான் இருக்கிறாள்.

2

முதல் தொடக்கம்: 'ஏரியின் நடுவே மோட்டார் நின்றபோது இரு மனங்களும்...'

(வேண்டாம். மோட்டார் நின்றால் மோட்டார்தான் நின்றது.)

நடந்ததையே எழுதுகிறேன். படகின் பின்புறம் மாட்டும் மோட்டார் அது. அத்தானைவிட இரண்டு வயது மூத்தது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றினால்தான் ஓடும். கலந்தவர் அதற்கு அடையாளமாகக் கேனின் கழுத்தில் சிவப்பு நூல் கட்ட வேண்டும் என்பது அத்தான் போட்ட சட்டம். நான்கு மாதம் முன்பு இருவரும் ஏரிக்குப் போன அன்று கலந்தது அக்கா. பாதி ஏரியில் மோட்டார் கிறீச்சிட்டு இறுகி நின்றது.

"எண்ணெய் கலந்தியா இல்லையா?"

"நூல் கட்டியிருக்கே, கண்ணு தெரியலையா?"

"அது போன தடவை நூல். இருபது வருஷத்துல ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்கியா நீ?"

பிறகு இரண்டு மணி நேரம் பேசாமல் துடுப்புப் போட்டார்கள். வீடு போனதும் அக்கா பையைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள்.

3

(இவரைக் கதாநாயகன் ஆக்கலாமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.)

அத்தான் மோட்டாரைத் தனியாகப் பிரித்தார். பிஸ்டனை மரக்கட்டை வைத்துத் தட்டி வெளியே எடுத்தார். திருகுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக வைத்தார்.* உள்ளே பேரிங்குகளெல்லாம் எண்ணெயில் நனைந்து பளபளத்தன. அக்கா கலந்துதான் இருக்கிறாள்.

அப்புறம் தண்ணீர் பம்பைத் திறந்தார். இஞ்சினைக் குளிர வைக்கத் தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர் விசிறியில், ஆறு இதழ்களில் நான்கைக் காணோம். தண்ணீர் ஏறாமல், சூட்டில் இறுகிப்போயிருக்கிறது. அதை வருடாவருடம் மாற்ற வேண்டியவர் அத்தான்.

"தப்பு என்னோடது. அவகிட்ட சொல்ல வாய் வரல. நீ எழுதிடு, அவ படிச்சுக்கட்டும்."

"நல்லா இருக்கே அத்தான். மன்னிப்பையும் ஆள் வெச்சுக் கேப்பீங்களா?"

"உனக்கு வார்த்தை வருது. எனக்கு ஸ்பேனர்தான் வருது."

* முட்டை அட்டை என் கற்பனையல்ல. திருகு தொலைப்பதில் அவருக்கு நீண்ட அனுபவம்.

4

ஒரு முடிவு: 'அத்தான் கயிற்றை இழுத்தார். ஓட்டிப் பார்க்க இறக்கிவைத்த தண்ணீர்ப் பீப்பாய்க்குள் மோட்டார் உறுமியது. வாசலில் அக்கா...'

(என் வாசகர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.)

இன்னொன்று: '"என் தப்புதான், மன்னிச்சிடு," என்று அத்தான்...'

இதை எழுதும்போது அக்கா பின்னால் வந்து நின்றாள். தாள்களை வாங்கி, நின்றபடியே முதலிலிருந்து படித்தாள்.

"நாலு இதழா போச்சு?"

"ஆமா."

"மோட்டார் ஓடுறப்ப பின்னால தண்ணி பீச்சணும், பீச்சலைன்னு அன்னைக்கே சொன்னேன்டீ. அதை ஏன் எழுதல?"

"அத்தான் சொல்லலையே."

"சொல்லியிருக்க மாட்டார்." என் பேனாவைப் பிடுங்கி, மன்னிப்பு வரியை அழுத்தி அடித்தாள். "இதை நீ எழுதாதே. அவர் சொல்லட்டும். மோட்டார் வேலை முடிஞ்சிருச்சாமா?"

"விசிறி மட்டும் பாக்கி. வீட்டுல புதுசு ஒண்ணு இருந்துச்சாம், காணோமாம். அந்தக் காலத்து மாடல், கடையில கிடைக்கலையாம்."

அக்கா உள்ளே போய், கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பிரிக்கப்படாத பெட்டி.

"போன வருஷம் நான் வாங்கிக் கொடுத்தது. பழசே இன்னும் ஒரு வருஷம் ஓடும்னு டிராயர்ல போட்டார். வரும்போது எடுத்துட்டு வந்துட்டேன்."

"அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"விசிறி என்கிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லு."

5

சொன்னேன். போனில் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வரேன்," என்று வைத்துவிட்டார்.

விசிறிக்காக மட்டும் வருகிறாரா என்று எனக்குத் தெரியாது. அக்கா அடித்த வரிக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். அதை நிரப்ப எனக்கு உரிமையில்லை. உங்களுக்குக் கை பரபரத்தால் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் சொல்லக்கூடிய அளவுக்கு எளிய வார்த்தையாக இருக்கட்டும்.

அக்கா அட்டைப்பெட்டியின்மேல் கையை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அழைப்பு மணி அடிக்கிறது. நான் கதவைத் திறக்கிறேன். அத்தான் என்னைத் தாண்டி அவளைப் பார்த்து,

"(                    )"