இரண்டாம் ஆட்டக்காரன்

"அதைப் பிடுங்காதீங்க!"

சிசுரு போட்ட சத்தத்தில், டிவிக்கும் கேம் பெட்டிக்கும் சேர்ந்திருந்த பிளக்கைத் தொட்ட ஹதானோ சூடு பட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். இறுதிச் சடங்குக் கடையிலிருந்து வந்தவர் அவர். தலைமாட்டு விளக்குக்கு மின்சாரம் தேடினார். அந்த அறையில் இருந்ததோ ஒரே பிளக் பாயின்ட்.

வடக்கே தலைவைத்து, முகத்தில் வெள்ளைத் துணியோடு கியோஹிக்கோ கிடந்தான். போனை எடுக்கவில்லையே என்று காலையில் அக்கா சிசுரு வந்து கதவைத் திறந்தபோது, டிவிக்கு முன்னால் சாய்ந்தபடியே போயிருந்தான். இதயம் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். டிவியில் மட்டும் பச்சை ரோபோ ஒன்று, பள்ளத்துக்கு மேலே, தாவிய தாவலோடு அந்தரத்தில் நின்றது.

"செத்த வீட்ல பொம்மை ஆட்டமா? அணைச்சா என்னடி?" என்றாள் யசுயே அத்தை. சாவுத் தீட்டு படக்கூடாதென்று, ஸ்டூலில் ஏறி சாமி மாடத்தை வெள்ளைக் காகிதத்தால் மூடிக்கொண்டிருந்தாள்.

"அணைச்சா எல்லாம் அழிஞ்சுடும் அத்தை. இந்தப் பழைய கேம் பெட்டியில ஆட்டத்தைச் சேமிச்சு வைக்க முடியாது."

"அவனே போயிட்டான். அவன் பொம்மைக்கு மட்டும் ஆயுசு கெட்டியா?"

ஹதானோ தொண்டையைச் செருமினார். "வண்டியில நீள வயர் இருக்கும்மா, எடுத்துட்டு வரேன். நானும் சின்ன வயசுல ஆட்டத்தை நிறுத்திவெச்சு, மேல துண்டைப் போட்டு மூடிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவேன்."

"சாயங்காலம் வந்து பாத்தா?"

"அம்மா வீட்டைக் கூட்டுறப்பவே பிளக்கைப் பிடுங்கியிருப்பாங்க."

"நல்ல பொம்பளை" என்றாள் அத்தை. ஆனாலும் மனசு கேட்காமல், டிவியை அணைக்காமலே ஒரு வெள்ளைத் துணியால் போர்த்திவிட்டாள். துணிக்குள்ளிருந்து வெளிச்சம் கசிந்தது.

அந்த ஆட்டத்தை இரண்டு பேர் மாறி மாறி ஆட வேண்டும். ஒருவருடைய ரோபோ செத்தால்தான் மற்றவருக்கு முறை வரும். முதல் கன்ட்ரோலரில்தான் நிறுத்தும் பொத்தான் உண்டு. அது மூத்தவளுக்கு. இளையவனுக்கு வாய்த்த இரண்டாவதில் அந்தப் பொத்தானே கிடையாது; பதிலுக்குப் பொடி மைக் ஒன்று இருக்கும். ஒன்றுக்கு முட்டினால் கியோஹிக்கோ அதில்தான் கத்துவான். "அக்கா, நிறுத்து!" என்று டிவி அலறும். சிசுரு காது கேளாதவள்போல இருந்துவிட்டு, அவன் கால்களைப் பின்னிக்கொண்டு நெளிந்த பிறகு, வேண்டுமென்றே அவனுடைய பச்சை ரோபோ நடுத்தாவலில் இருக்கும்போது அழுத்துவாள். அவன் ஓடிப்போய்த் திரும்பி வரும்வரை பாவம் அது அந்தரத்திலேயே தொங்கும்.

நேற்றுச் சாயங்காலம் போன் செய்திருந்தான். "பரண்ல நம்ம பெட்டி கிடைச்சுதுக்கா. இன்னும் ஓடுது! வாயேன்."

"இந்த வயசுலயா? நாளைக்குப் பாக்கலாம் போ."

"சரி, நீ வர்றவரைக்கும் நிறுத்தி வெக்கறேன்."

காலையில் பார்த்தபோது, பக்கத்து மெத்தணையில் முதல் கன்ட்ரோலர் வயர் சுற்றாமல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது அவன் பிடிக்குள். ஹதானோதான் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி எடுத்துத் தலையணை ஓரம் வைத்தார்.

மதியத்துக்கு மேல் துறவி வந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து, மணியைத் தட்டி, சூத்திரம் ஓதத் தொடங்கினார். இரண்டு வரி போயிருக்காது. வெள்ளைத் துணிக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரலும் அதையே ஓதியது. தகரத்தில் உரசினாற்போல, பையன் குரலாக.

அத்தை சிசுருவின் கையை இறுகப் பிடித்தாள். "அவன்தாண்டி!"

துறவி நிறுத்தவில்லை. பிடரியில் மட்டும் வேர்வை துளிர்த்தது.

மைக்தான் என்று சிசுருவுக்குத் தெரியும். கையை நீட்டினால் ஒலியைக் குறைத்திருக்கலாம். கை போகவில்லை. ஓதி முடித்துத் துறவி வாயை மூடினார். பின்னால் நகர்ந்தும் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு டிவிக்குள்ளிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. ஜன்னல் வழியே துறைமுகக் காற்று வந்திருக்கலாம். ஜன்னல் சாத்தியிருந்ததா என்று யாரும் எழுந்து பார்க்கவில்லை.

"சாமி டீயைக்கூட முழுசாக் குடிக்கல" என்றாள் அத்தை, அவர் போனதும். அவள் குரல் இறங்கியிருந்தது. "அவன் எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கான் சிசுரு."



ஹதானோ உதவியாளோடு வந்து நின்றார். "எடுக்கலாமாம்மா? மண்டபத்துல எல்லாரும் வந்துட்டாங்க."

"ஒரு நிமிஷம்."

துணியை விலக்கினாள். தனக்காகப் போட்டிருந்த மெத்தணையில் உட்கார்ந்து, முதல் கன்ட்ரோலரை எடுத்தாள்.

"என்னடி பண்ற?"

"காக்க வெச்சது போதும் அத்தை."

நிறுத்தும் பொத்தானை மறுபடி அழுத்தினாள். நகர்த்த ஆளில்லாத பச்சை ரோபோ நேரே பள்ளத்துக்குள் போனது. சின்னதாய் ஒரு இசை. திரை இருண்டு மறுபடி விடிந்தபோது, கட்டத்தின் தொடக்கத்தில் அவளுடைய ஆரஞ்சு ரோபோ நின்றது.

"மெதுவா... நிலைப்படி, நிலைப்படி" என்று பின்னால் ஹதானோவின் குரல். பாரம் தூக்கியவர்களின் காலடிகள் கூடத்தைத் தாண்டின.

"சிசுரு, செருப்பைப் போட்டுக்கிட்டு வா" என்று வாசலிலிருந்து அத்தை கூப்பிட்டாள்.

யாரும் எதையும் அழுத்தாததால், ஆரஞ்சு ரோபோ அந்தப் பக்கம் பார்த்தது, இந்தப் பக்கம் பார்த்தது. பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டது.