இரண்டாவது துளை

முப்பத்துநான்கு பேருடைய கழுத்தெலும்புகளைப் பார்த்து முடித்தபோது எனக்குத் தேறியது ஒரே ஒரு ஆள்தான்.

எல்லோரும் காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்பில் தோண்டியெடுத்த, இரண்டாயிரம் ஆண்டுப் பழைய மனிதர்கள். கழுத்தெலும்பில் இடமும் வலமும் ஒவ்வொரு சின்னத் துளை இருக்கும். ரத்தக்குழாய் போகும் வழி. சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் இரண்டாவது துளை இருக்கும். நோயில்லை, பிறவியில் வருவது. அந்த இரட்டைத் துளை எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணுவதுதான் என் ஆராய்ச்சி. நாலைந்து பேராவது கிடைத்திருக்க வேண்டும்.

ஆளுக்கொரு பெட்டியாக வந்த எலும்புகளில், கிடைத்தது பதினேழாம் பெட்டிக்காரர் மட்டும். ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு பக்கமுமே இரட்டைத் துளை! படத்தைப் பெரிதாக்கி, சிதம்பரத்தில் என் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தேன். மாப்பிள்ளை போட்டோவைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று அம்மாவுக்குக் குறை.

"ஒருத்தர மட்டும் வச்சு தீசிஸ் எழுத முடியாது ஸ்ரீமதி. வேற டாபிக் பாருங்க" என்றார் என் வழிகாட்டி ஞானசேகரன் சார். இரண்டு வருட உழைப்பு. எனக்கு வந்த கோபத்தில் செத்துப்போன முப்பத்துநான்கு பேரையும் திட்டினேன்.

பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்க, தொல்லியல் துறையின் கடலூர்க் கிடங்குக்குப் போனேன். கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் தங்கராசு அண்ணன். காடாம்புலியூர்த் தச்சர். தோண்டிய இடத்தில் எலும்புகளுக்குப் பலாப்பலகையில் பெட்டி செய்ய வந்தவர், அப்படியே வேலையில் நின்றுவிட்டார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து எலும்பைத் தடவிப் பார்த்தார்.

"பூச்சு எதுவும் உதுரலியேம்மா?"

"என்ன பூச்சு?"

"ஏழெட்டு எலும்புல ஒரு பக்கம் மட்டும் ரெண்டு ஓட்டை. ஜன்னல் சட்டம் அப்படி இருந்தா குடுப்பமா? செத்தவங்கன்னா ஒரு மரியாத வேணாமா? சாக்பீஸ் தூள்ல பெவிகால் கொழச்சு, டீ டிகாஷன்ல கலர் புடிச்சு அடைச்சேன். தெரியுதா பாருங்க!"

தெரியவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தும் இரண்டு வருடமாகத் தெரியவில்லை.

"யாரக் கேட்டு அடைச்சீங்க?" என்று கத்திவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"எதெதுன்னு ஞாபகம் இருக்காண்ணே?"

ஒரு மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் பென்சிலில் 'வலம் 1' என்று இருந்தது. அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏதோ தச்சுக் குறிப்பு என்று விட்டுவிட்டேன். அடைத்த பக்கமும் எண்ணிக்கையும்தான் அது. அப்படி ஏழு மூடிகள்.

"அடைச்சவனே தொறக்கறேன், குடுங்க" என்றார்.

ஈரப் பஞ்சை வைத்து ஊறவிட்டு, ஈர்க்குச்சியால் மெல்ல நெம்பினார். என் கையைவிட அவர் கை பதமாக இருந்தது. மாவு வழிந்து வந்த இடத்தில், ஓரமெல்லாம் வழவழப்பாக, குட்டித் துளை ஒன்று. சந்தோஷம் தாங்கவில்லை, அவர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். சாப்பாட்டு நேரத்துக்குள் ஏழும் திறந்தன. பதினேழையும் சேர்த்து எட்டுப் பேர்!

அண்ணன் தன் பிடரியைத் தடவிக்கொண்டார். "எனக்கும் இருக்குமோ?"

"இருக்கலாம். இருந்தா ஒண்ணும் ஆவாது."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, பதினேழாம் பெட்டியைப் பார்த்தார்.

"இதுல ஒரு விஷயம்மா..."

"அதுல நீங்க அடைக்கலியே? ரெண்டு பக்கமும் ரெண்டு இருக்கே."

"அதான். இடது பக்கத்து ஓட்டை அவ்ளோ அழகு. அடைக்க மனசு வரல. அதனால வலது பக்கமும் ஒண்ணு போட்டுட்டேன்."

லென்ஸை எடுத்தேன். வலப்பக்கத்து இரண்டாம் துளையின் உள்சுவரில், சன்னமாக, துளையிட்ட வரிகள். என் மேசைக்கு மேலே ஒட்டிக்கிடக்கும் அதிசயத்தில் பாதி இவர் கைவேலை! கண்ணில் நீர் வருமளவு சிரித்தேன். ஒரு பக்கம் நிஜம்தானே, எட்டு எட்டாகவே இருந்தது.

படத்தை நான் நீக்கவில்லை, ஆய்வேட்டிலும் சேர்த்தேன். 2010இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது அந்தப் படத்தின் அடியில் எழுதினேன்: 'இடப்பக்க இரண்டாம் துளை, பிறவியிலேயே அமைந்தது. வலப்பக்க இரண்டாம் துளை, தங்கராசு, காடாம்புலியூர்.'

ஞானசேகரன் சார் அதை இரண்டு முறை படித்தார். அந்த வரியை அடித்துவிடவில்லை.