டத்தோவுக்கு வந்த வாழ்த்துகள்

டத்தோ பட்டம் கிடைத்தது இயக்குநருக்கு. தலைவலி வந்தது ருஸ்னிக்கு.

புத்ராஜாயாவில் ஓர் அரசாங்க இலாகாவின் கணக்குப் பிரிவில் இருந்தாள் அவள். காலையில் இலாகா இயக்குநருக்கு அரசர் பட்டம் கொடுத்த செய்தி எல்லோருக்கும் மின்னஞ்சலில் வந்ததுதான் தாமதம், ஆளாளுக்கு வாழ்த்தக் கிளம்பிவிட்டார்கள். வாழ்த்துகிறவன் அவருக்கு மட்டும் வாழ்த்தித் தொலைத்தால் என்ன? மாட்டான். தான் வாழ்த்தியது இலாகாவுக்கே தெரிய வேண்டுமே! எல்லோருக்கும் அனுப்பினான். பூங்கொத்துப் படம், பட்டாசுப் படம், இயக்குநர் பக்கத்தில் என்றைக்கோ பல்லிளித்து நின்ற படம். மதியத்துக்குள் ருஸ்னியின் பெட்டி நிரம்பி வழிந்தது. இடமில்லை, இனி எதையும் அனுப்ப முடியாது என்று கணினி கையை விரித்துவிட்டது.

மாதக் கணக்கு அன்றைக்கே போயாக வேண்டும். பக்கத்து மேசை ஹஸ்னா எட்டிப் பார்த்தாள்.

"இன்னுமா ஒவ்வொண்ணா அழிச்சிட்டிருக்க? 'வாழ்த்துகள்'னு போட்டுத் தேடு. வர்றதையெல்லாம் ஒரே தட்டுல தூக்கிப் போடு. குப்பைத்தொட்டியையும் காலி பண்ணு, அப்பதான் இடம் வரும்."

"அடிப்பாவி, இதக் காலையிலயே சொல்லக் கூடாதா?"

தூக்கிப் போட்டாள். பெட்டி சுத்தமானது, கணக்கும் போய்ச் சேர்ந்தது. அப்பாடா என்று தேநீர் குடிக்கப் போனாள்.

ருஸ்னியின் கணவன் ஷுக்ரி கோத்தா பாருவில் பள்ளி ஆசிரியன். மகள் இமான் அவனிடம் வளர்ந்தாள். புருஷன் ஒரு மூலை, பெண்டாட்டி ஒரு மூலை என்று வேலை போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். இவர்கள் வருஷா வருஷம் மாற்றல் கேட்டு எழுதி அலுத்துப்போனார்கள். இமான் அம்மாவிடம் பேசப் பழகியதே போனில்தான்.

இரண்டு வாரம் கழித்து, மனிதவளப் பிரிவின் ஜவியா அக்கா மின்தூக்கி வாசலில் ருஸ்னியை மறித்தாள்.

"என்னம்மா, மாற்றல் வேணாமா உனக்கு? பதிலே போடலையே!"

"எந்த மாற்றல்க்கா?"

"கோத்தா பாருதான்! டத்தோ பட்டம் வந்த அன்னைக்கே மெயில் போட்டேனே. 'வாழ்த்துகள், உங்க விண்ணப்பத்த ஏத்துக்கிட்டோம், ஒரு வாரத்துல சம்மதம் சொல்லுங்க'ன்னு."

ருஸ்னி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இப்பவே போடறேன்க்கா. இதோ, இப்பவே."

"வேற ஆளுக்குப் போயிடுச்சும்மா. அவன் சாமானெல்லாம் ஏத்திக்கிட்டுக் கிளம்பியாச்சு. உனக்கு இஷ்டமில்லன்னுல்ல நெனச்சேன்!"

மாலையில் ஷுக்ரி கூப்பிட்டான்.

"மாற்றலெல்லாம் போட்டுட்டாங்களாமே. நமக்கு?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

"இந்த வருஷமும் குடுக்கல."

ஷுக்ரி வெடித்தான்.

"மனுஷங்களா அவங்க? ஒரு தாயையும் பிள்ளையையும் பிரிச்சு வெச்சிருக்கோமேன்னு கொஞ்சமாவது உறுத்தாதா? நல்லா இருப்பாங்களா சொல்லு?"

"இருக்க மாட்டாங்க" என்றாள் ருஸ்னி.