கதவில் கிடந்த ஆக்சில் கம்பி

“அந்தக் கம்பியைக் குடுடீன்னா!”

“குடுக்க மாட்டேன். முதல்ல கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்க.”

“தாழ்ப்பாள் போடணும்னாலும் நீ கதவைத் திறக்கணுமே!”

“திறந்தா கம்பியைப் பிடுங்கிட்டு ஓடுவீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு?”

பக்கத்து வீட்டு வெல்டர் கொல்லையில் நின்று, சாத்தியிருந்த சமையலறைக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கனவே காய்ந்த துணிதான். அது வேறு விஷயம்.

ஊர்க் கதவுக்கெல்லாம் கீல் வைக்கிற மனுஷர் சொந்தக் கதவில் தாழ்ப்பாள் உடைந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், அவள் அவருடைய பட்டறைக் கொட்டகையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துக் குறுக்கே செருகிவிட்டாள். அதுதான் அவருடைய ஆக்சில் கம்பி, சக்கர அச்சின் அளவுக்கே கடைந்தது. பழைய குழாயும் புல்வெட்டி இன்ஜினுமாக அவர் குட்டி பைக் கட்டுகிறவர். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் ஆக்சிலைத் தாங்கும் தகடுகளை வெல்டு வைக்கும்போது, இந்தக் கம்பியை இரண்டுக்கும் நடுவே கோத்து நட்டைப் போட்டு முறுக்கிவிடுவார். இல்லாவிட்டால் சூட்டில் தகடு தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொள்ளும்.

“கடையில வேற கம்பி வாங்கிக்கலாமே தம்பி?” என்று மதில் மேலாகக் கேட்டேன்.

“என் கம்பி என் வீட்டுல இருக்குக்கா. நான் எதுக்குக் கடைக்குப் போகணும்?”

வீம்புக்கு மருந்தேது!

இதில் பெரிய விவகாரம் ஒன்று இருந்தது. வெளியூரில் கேட் பட்டறை வைத்திருக்கும் அவள் அண்ணன், மாப்பிள்ளையைத் தன்னோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டோடு இருந்த பட்டறையின் புகையும் கரியும் சலித்துப்போன அவளுக்குப் போக ஆசை. கொட்டகையை விட இவருக்கு மனசில்லை. கடைசியில், இந்த பைக் கோணாமல் ஓடினால் இங்கேயே இருப்பது, கோணினால் அண்ணனிடம் போவது என்று பேசி முடித்தார்கள். ரகசியமாகத்தான் பேசினார்கள், தெருமுனை வரை கேட்டது.

அப்படிப்பட்ட வண்டிக்குத்தான் மனுஷர் கம்பி இல்லாமல், கண்ணளவில் தகடு வைத்தார். இடது காலை முடித்துவிட்டு வலது காலுக்கு வந்தார். பார்த்தால், துளைக்குத் துளை நேராக இல்லை. அரத்தால் ராவி ராவி ஒன்றைப் பெரிதாக்கி ஆக்சிலைத் திணித்தார். சக்கரம் தலை சாய்த்துக்கொண்டு நின்றது.

தெருவில் ஓட்டிப் பார்த்தார். பத்தடி போவதற்குள் வண்டி இடப்பக்கம் வாங்கி, என் மதிலில் முட்டிக்கொண்டு நின்றது. அவர் இறங்கவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

சமையலறைக் கதவு திறந்தது. அவள் கம்பியோடு வந்தாள்.

“இந்தாங்க. வெட்டி எடுத்துட்டு மறுபடி வைங்க.”

“எதுக்கு?”

“எங்க அண்ணன்கிட்ட, கோண வண்டி கட்டுறவர்னு உங்களைக் கூட்டிட்டுப் போக முடியாது. எனக்கும் மானம் இருக்கு.”

கிரைண்டரால் இரண்டு தகடுகளையும் அறுத்தெடுத்தார். கம்பியைக் கோத்து, இந்தக் காலில் கொஞ்சம், அந்தக் காலில் கொஞ்சம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு வெல்டு வைத்தார். அவள் பக்கத்தில் முக்காலி போட்டு ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டாள்.  எனக்குத்தான் நின்று நின்று கால் கடுத்தது.

இந்தத் தடவை அவளே ஏறி ஓட்டினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்பினாள். நூல் பிடித்த மாதிரி வந்தது வண்டி.

“சரியாத்தான் ஓடுது,” என்றாள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. “நீங்க ஜெயிச்சாச்சு.”

“முதல் ஓட்டம்தான் கணக்கு,” என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். “ஒரு கம்பியைக் கேட்டு வாங்க எனக்கு வாய் வரல. நீயும் விட்டுக்குடுக்கல. இங்கேயே இருந்தா நாளைக்கு ஸ்பேனருக்கும் இதே கூத்துதான். போதும்டி, அலுத்துப்போச்சு. போலாம்.”

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மழைக்காலத்துக்கு முன்பே வண்டி பிடித்துச் சாமான்களை ஏற்றிப் போய்விட்டார்கள். அங்கே மச்சானும் மாப்பிள்ளையும் இப்போதுதான் கத்த ஆரம்பித்திருக்கிறார்களாம். கொட்டகைக்கு ஒரு தையற்காரர் குடிவந்தார். சத்தமே இல்லாத மனுஷர். எதிர்வீட்டு நர்ஸைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அவரும் ஊரைவிட்டுப் போனார். அந்தப் பழக்கம் எப்போது ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது.